சம்மனசுக்கு அபராதம்

1

மலர்க் குழுவினருக்கு,

நம் கோயில் ஆண்டு விழாவுக்கு மலர் போடுவதாகவும், அதற்கு 'அயல்நாட்டில் என் விசுவாச வாழ்வு' என்று இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஜெர்மனியில் பனி எப்படிக் கொட்டும், கிறிஸ்துமஸ் குடில் எப்படி வைப்பார்கள், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு எவ்வளவு குறைவாக ஆள் வருவார்கள் என்று கொஞ்சம், கடைசியில் ஊரை நினைத்து ஒரு சொட்டுக் கண்ணீர். வெளிநாட்டுக்காரி என்ன எழுத வேண்டும் என்பது எனக்கும் தெரியும்.

பிறகு போன வாரம் உங்களில் ஒருவர் குரல் பதிவு ஒன்று அனுப்பினார். "அக்கா, உங்க அண்ணனயும் மேடையில ஒக்கார வெச்சு சால்வ போத்தப் போறோங்க. வாயில்லாத சம்மனசுங்க அவரு. அவரு மாதிரி ஆளுங்களாலதாங்க நம்ம ஊரு நல்லா இருக்குது."

நான் வேலைக்குக் கிளம்பிப் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். பேருந்து வந்தது, கதவு திறந்தது, ஓட்டுநர் என்னைப் பார்த்தார். நான் ஏறவில்லை. அவ்வளவு கோபம் வந்தது.

நம் பக்கத்துக் கத்தோலிக்கர் வாயில் தேவதூதருக்குச் சம்மனசு என்று பெயர். சம்மனசுக்குப் பசிக்காது, கோபம் வராது, பெண் தேவையில்லை, பாவம் செய்யவே தெரியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் அண்ணன் சவரிமுத்து பிறவியிலேயே காது கேளாதவன். அந்த ஒரே காரணத்துக்காக அவனைச் சம்மனசாக்கி வைத்தீர்கள். அவன் சம்மனசு அல்ல. அதற்குச் சாட்சி உலகத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். ஆகவே நீங்கள் கேட்டதை எழுதாமல் இதை எழுதுகிறேன். போட முடிந்தால் போடுங்கள்.

2

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியாக இருக்கிறேன். எங்கள் இல்லத்தில் கெர்டா என்று ஓர் அம்மையார். அவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அவருக்கு ஓர் அறுவை சிகிச்சை செய்யலாமா வேண்டாமா என்று பேச மருத்துவர் வருவதாக இருந்தது. குறித்த நாளில் மருத்துவர் வந்தார், சைகை மொழிபெயர்ப்பாளர் காய்ச்சல் என்று வரவில்லை. அம்மையாரின் மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தாயோடு சின்ன வயதிலிருந்து கையால் பேசிப் பழகியவள். "நான் சொல்கிறேனே" என்றாள். மருத்துவர் ஒப்புக்கொள்ளவில்லை. "இன்னொரு நாள் வருகிறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இதென்ன வீண் ஜம்பம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த முறை மொழிபெயர்ப்பாளர் வந்தாள். சின்னப் பெண். கை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பூப்போடாத கறுப்புச் சட்டை. நாற்காலியை மருத்துவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அம்மையார் தன் கையையும் மருத்துவர் முகத்தையும் ஒன்றாகப் பார்க்கும்படி உட்கார்ந்தாள். பிறகு என்னையும் மகளையும் பார்த்து, "நீங்கள் இருவரும் வெளியே இருக்கிறீர்களா?" என்றாள்.

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் இவருடைய மகள்."

அந்தப் பெண் வாதாடவில்லை. அம்மையாரிடம் கையால் கேட்டாள். அம்மையார் ஒரு கணம்கூட யோசிக்காமல் கதவைக் காட்டினார். நாங்கள் வெளியேறும்போது மொழிபெயர்ப்பாளர் எங்களுக்கும் கேட்கும்படி, கையாலும் வாயாலும் ஒன்றாக அம்மையாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: இங்கே பேசுவது எதுவும் என் வழியாக வெளியே போகாது.

நடைவழியில் நின்றுகொண்டு மகள் அழுதாள். அவள் சிறுமியாக இருந்தபோது இந்த ஊரிலும் மொழிபெயர்ப்பாளர் யாரும் கிடையாதாம். வங்கியில், மருத்துவமனையில், தாய் தந்தை சண்டையில், எல்லாவற்றிலும் அவள்தான் நடுவில் நின்றாளாம். "அம்மா என்னை ஒரு நாளும் வெளியே அனுப்பியதில்லை" என்றாள். அனுப்ப வழியிருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பார் என்று நான் சொல்லவில்லை. எனக்குச் சவரியின் ஞாபகம் வந்துவிட்டது.

3

சவரி என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவனை அடுத்த மாவட்டத்தில் காது கேளாத பிள்ளைகள் படிக்கும் விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். பள்ளி என்றால் என்ன நினைப்பீர்கள்? பாடம் சொல்லித் தருவார்கள் என்றுதானே? அங்கே வருடக் கணக்கில் அவனுக்கு முன்னால் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்து 'ப' சொல்லச் சொன்னார்கள். சுடர் சாய்ந்தால் 'ப' சரி. சாயாவிட்டால் மறுபடியும். கேட்காத எழுத்தை ஊதி ஊதிப் பழகுவதற்கே அவன் பாதிப் பிள்ளைப் பருவம் போய்விட்டது. கையை ஆட்டிப் பேசினால் உள்ளங்கையில் பிரம்படி. கையை ஆட்டினால் பேச்சு வராமல் போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? துணி துவைக்கும் இடத்தில், சாப்பாட்டு வரிசையில், பெரியவர்கள் கண் படாத இடங்களிலெல்லாம் கையாலேயே பேசிக்கொண்டார்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு பாஷை அது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சவரி அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தான். பாவம் என்பதற்கு அவர்களுக்கு ஒரு சைகை உண்டு: இரண்டு விரலால் உள்ளங்கையில் பளீரென்று அடிப்பது. எதற்கு அடி விழுமோ அது பாவம். வேதபாடத்தில் அவர்களுக்குத் தெளிவாகப் புரிந்தது அது ஒன்றுதான்.

பள்ளியை விட்டு வந்தபோது அவனுக்குத் தன் பெயரும் அப்பா பெயரும் எண்களும் எழுத வந்தன. தையல் வந்தது. கம்பைநல்லூர்க் கடைவீதியில் ஒரு தையற்கடை வைத்தான். அளவெடுத்தால் அளவெடுத்ததுதான், தப்பவே தப்பாது. சந்தை நாளில் கூட்டம் நிற்கும்.

அப்போதிருந்த நம் பங்குச் சாமியாரைப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தங்கமான மனிதர் என்று மலரில் எல்லோரும் எழுதுவீர்கள், நானும் அதையே எழுதுவேன். சைக்கிளில் ஊர் ஊராகப் போவார். அங்கி ஜோபியில் எப்போதும் பெப்பர்மிண்ட் மிட்டாய் வைத்திருப்பார். பூசை முடிந்ததும் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு மொய்ப்பார்கள். சவரிக்கும் ஒன்று கொடுப்பார். பத்து வயதில் கொடுத்தார், சரி. மீசை முளைத்துக் கடை வைத்த பிறகும் கூப்பிட்டுக் கொடுத்தார். அவன் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் கோழிக்கு எறிவான். கோழி அதைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

சனிக்கிழமைகளில் கோயிலில் பாவசங்கீர்த்தனம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் வரிசையில் நின்று, சாமியார் காதில் தங்கள் பாவங்களைச் சொல்லிவிட்டு, அவர் கொடுத்த அபராதத்தைப் பெற்றுக்கொண்டு பீடத்துக்கு முன்னால் போய் முழங்கால் போடுவார்கள். மூன்று அருள் நிறைந்த மரியே, ஐந்து பரலோக மந்திரம் என்று பாவத்துக்குத் தகுந்தபடி. யார் அதிக நேரம் முழங்காலில் இருக்கிறார்கள் என்று நாங்கள் ஓரக்கண்ணால் பார்ப்போம். சவரியை அந்த வரிசையில் நிற்க விட்டதே இல்லை. ஒருமுறை போய் நின்றான். சாமியார் எழுந்து வந்து, அவன் தலையில் கை வைத்து, மிட்டாய் கொடுத்து, பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போனார். ஊரே உருகியது.

4

பிலோமினா அதே பள்ளியில் படித்தவள், அரூர்ப் பக்கத்துப் பெண். படிப்பு முடிந்து வெவ்வேறு ஊருக்குப் போனவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடைப் பக்கமாகக் கூடுவார்கள். சேலத்திலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும்கூட வருவார்கள். வாரம் முழுக்கப் பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் அங்கே கையால் கொட்டுவார்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வேடிக்கை பார்த்துச் சிரிப்பார்கள். சவரியும் பிலோமினாவும் அங்கேதான் முடிவு செய்தார்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை. நான் நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன், விடுமுறைக்கு வந்திருந்தேன். சாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடத்து நாற்காலியில் அவர், கீழே பாயில் அப்பா, எதிரே சவரி, கதவோரம் நான். சவரி நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு இருந்தான். அவனுடைய கல்யாணத்தைப் பற்றித்தான் பேச்சு.

"சின்னப்பா, ஒன் மகனுக்கு எதுக்குப்பா கல்யாணம்?" என்று அப்பாவைப் பெயர் சொல்லிக் கேட்டார் சாமியார். "அவன் சம்மனசு. ஆண்டவர் அவனுக்குப் பாவமே வைக்கல. பாவம்னா என்னன்னு தெரியாதவனுக்கு சத்தியம்னா மட்டும் எப்படித் தெரியும்? பீடத்துக்கு முன்னால நான் கேள்வி கேட்பேன், அவன் வாயால பதில் சொல்லணும். தலையாட்டினா போதாது. அது கல்யாணமே ஆகாது."

"அதத்தானுங்க சாமி நானும் சொல்றன்" என்றார் அப்பா. "ரெண்டும் வாயில்லாததுங்க. நாளைக்கிப் புள்ள பொறந்து அழுதா, எதுக்குங்க கேக்கும்? வூட்டோட கெடக்கட்டுங்க. நான் இருக்கற வரைக்கும் சோறு போடறன்."

அப்போது சவரி நல்ல கூலி வாங்கிக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டு அரிசி பாதி அவன் தைத்த அரிசி.

என்ன பேசுகிறார்கள் என்று அப்பாவைத் தொட்டுக் கேட்டான். அப்பா கையைத் தோளுக்குப் பின்னால் வீசிக் காட்டினார். 'அப்புறம்' என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அவனுக்கு அதிகமாகக் கிடைத்த வார்த்தை அதுதான். சாவு வீட்டில், பாகப்பிரிவினையில், ரேடியோவைக் கேட்டு எல்லோரும் ஓ என்று கத்தும்போது, எப்போதும் அப்புறம். அந்த அப்புறம் வந்ததே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அவன் எதிரில் போய் உட்கார்ந்து, சாமியார் சொன்னதையும் அப்பா சொன்னதையும் ஒன்று விடாமல் கையால் சொன்னேன்.

"ஏ மேரி! அதெல்லாம் எதுக்குடி அவங்கிட்ட சொல்ற? நல்லதா நாலு வார்த்த சொல்லி எழுப்பி அனுப்பு."

"அவனப் பத்தித்தானப்பா பேசறீங்க. அவங்கிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்றது?"

சவரி எழுந்து நின்றான். இரண்டு விரலால் தன் உள்ளங்கையில் அடித்தான். பிறகு தன் நெஞ்சைத் தொட்டான். மறுபடி அடித்தான், மறுபடி தொட்டான்.

"பாவம் செஞ்சிருக்கேன்னு சொல்றானுங்க சாமி."

சாமியார் வாய்விட்டுச் சிரித்தார். "நீயா? என்னடா பாவம்? மிட்டாய் திருடினியா?"

அதையும் சொன்னேன். அப்பா என்னை முறைத்தார். சவரியின் முகம் அன்றைக்குப் போனது போல் நான் பார்த்ததில்லை. பிரம்படி பட்டதற்கு அழாதவன், அந்தச் சிரிப்புக்குக் கண் கலங்கினான். பிறகு நிதானமாகக் கையால் சொன்னதை நான் வாயால் சொன்னேன்: "எனக்குப் பாவம் இல்லன்னா கல்யாணம் இல்லங்கறீங்க. அப்ப மொதல்ல என் பாவத்தக் கேளுங்க."

சாமியார் அப்பாவைப் பார்த்தார், அப்பா தரையைப் பார்த்தார்.

5

கேட்பது எப்படி? வாயால் சொல்ல அவனுக்கு வராது. பெயருக்கு மேல் எழுதத் தெரியாது, மெழுகுவத்தி ஊதவே நேரம் சரியாகப் போய்விட்டதே. நான் நடுவில் நின்று சொல்லலாம் என்றேன். "அதெப்படிம்மா, பாவசங்கீர்த்தனத்துல மூணாவது ஆள்?" என்று சாமியார் மறுத்துவிட்டார். சவரி விடவில்லை. அடுத்த சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுப் போய் வரிசையில் நின்றான். சாமியார் பெஞ்சைக் காட்டினார். உட்காரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் போய் நின்றான். வரிசையில் பின்னால் இருந்தவர்கள், "பாத்தியா, சம்மனசுக்கு மொரண்டு வந்துருச்சு" என்று சிரித்தார்கள்.

சாமியார் கடைசியில் ஆயர் இல்லத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். மொழிபெயர்க்க ஆள் வைத்துப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம், கல்யாணச் சம்மதத்தையும் சைகையால் சொல்லலாம், யாருக்கும் தடையில்லை, திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது என்று சொன்னார்களாம். கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இடம் இருந்திருக்கிறது. இத்தனை வருடமாகத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மிட்டாய் கொடுப்பது சுலபமாக இருந்திருக்கிறது.

"ஆனா ஒண்ணும்மா மேரி" என்றார் சாமியார். "அங்க கேட்டத வெளிய சொல்லக் கூடாதுன்னு எனக்கு என்ன கட்டோ, அதே கட்டு ஒனக்கும் உண்டு. சாகற வரைக்கும்."

இதில் சவரிக்கு ஒரு சங்கடம் இருந்தது. எனக்கும்தான். எந்த அண்ணன் தன் பாவத்தைத் தங்கை வாயால் சொல்ல ஆசைப்படுவான்? காது கேட்டு, கையும் பேசுகிற வேறொருவர் ஜில்லாவிலேயே இருக்கிறாரா என்று அவன் பஸ் ஸ்டாண்டு நண்பர்களிடமெல்லாம் விசாரித்துப் பார்த்தான். ஒருவரும் இல்லை. டாக்டரிடம் மூலவியாதி என்று சொல்வதற்கும் நான். பெண் வீட்டாரிடம் ஆசை இருக்கிறது என்று சொல்வதற்கும் நான். இப்போது பாவத்துக்கும் நான். மனிதனுக்கு ஒரு ரகசியம்கூடத் தன் பெயரில் இருக்கக் கூடாதா?

பூசை உடுப்புகள் வைக்கிற சின்ன அறைக்கு வரச் சொன்னார் சாமியார். கதவுக்கு வெளியே சவரி என்னை நிறுத்தினான். என் இரண்டு காதையும் பிடித்துக் கழற்றுவது போல் இழுத்து, கதவிலிருந்த ஆணியில் மாட்டுவது போல் மாட்டினான். 'போகும்போது எடுத்துக்கொள்' என்று ஆணியைக் காட்டினான். விளையாட்டுக்குச் செய்தான்தான், ஆனால் சிரிக்காமல் செய்தான்.

உள்ளே அவன் முழங்காலில், சாமியார் நாற்காலியில், நான் சாமியார் பக்கத்தில் சுவரோடு. அவன் கை 'நான்' என்றால் என் வாயும் 'நான்' என்றது. 'அவன் இப்படிச் செய்தானாம்' என்று சொல்லக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அங்கே நின்றபோது வேறு மாதிரி சொல்ல வரவில்லை.

அவன் என்ன சொன்னான் என்று எழுத மாட்டேன். சாமியார் முதலில் லேசாகச் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போய்விட்டது. பிறகு நாற்காலியின் நுனிக்கு வந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். இவ்வளவுதான் சொல்வேன்.

முடிந்ததும் ஆசீர்வாதம் கொடுத்தார். எழுந்து போகலாம் என்று கையைக் காட்டினார். சவரி எழவில்லை. உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து நீட்டினான். பள்ளியில் பிரம்படிக்கு நீட்டுகிற மாதிரி.

சாமியார் அந்தக் கையைப் பார்த்தார். பழக்கம் எங்கே போகும்? அங்கி ஜோபியில் கைவிட்டு ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாயை எடுத்து அதில் வைத்தார்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சவரி மிட்டாயைப் பார்த்தான். அதைச் சத்தமில்லாமல் மேசை மேல் வைத்தான். மறுபடி கையை நீட்டினான்.

"என்னம்மா வேணுங்கறான்?"

"அபராதம் கேக்கறானுங்க சாமி. எல்லாருக்கும் குடுக்கறீங்க. அவனுக்கு எங்கங்கறான்."

சாமியார் மிட்டாயை எடுத்துத் திரும்ப ஜோபியில் போட்டுக்கொண்டார். அப்புறம் பேசினபோது என்னைப் பார்க்கவில்லை, சவரி முகத்தைப் பார்த்துப் பேசினார். என்னுடைய நினைவில் அவர் அவன் முகத்தைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் முறை. "முழு ஜெபமாலை. பீடத்துக்கு முன்னால. முழங்கால்ல" என்றார்.

கனமான அபராதம். அந்த வயதில் எனக்கு அதில் பாதிகூட விழுந்ததில்லை. சவரி எழுந்தான். கதவைத் தாண்டியதும் ஆணியிலிருந்து என் காதுகளை எடுத்து, தூசு தட்டி, திரும்ப ஒட்டிவிட்டான். நேராகப் பீடத்துக்குப் போய் முழங்கால் போட்டு, மணி மணியாக ஜெபமாலையை உருட்டத் தொடங்கினான். வரிசையில் நின்றிருந்த ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். இவனுக்கு இவ்வளவு நேரமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவன் முதுகு நிமிர்ந்து இருந்தது. மனிதன் என்று ஊரறிய ஒப்புக்கொள்ளப்பட்டவன் முதுகு அப்படித்தான் இருக்கும்.

இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். மணமக்கள் இருவருக்குமே கேட்காத ஓலை. ஒவ்வொரு ஞாயிறும் நான் எழுந்து நின்று அதைக் கையால் சொன்னேன். கல்யாணத்தில் சம்மதமா என்று சாமியார் கேட்டார். இருவரும் கையால் பதில் சொன்னார்கள். கல்யாணம் ஆகிவிட்டது. பிள்ளை அழுதால் யாருக்குக் கேட்கும் என்று அப்பா கவலைப்பட்டாரே, பிலோமினா பிள்ளையின் தொட்டில் கயிற்றைத் தன் காலில் கட்டிக்கொண்டு தூங்கினாள். பிள்ளை அசைந்தாலே எழுந்துவிடுவாள்.

6

எண்பதுகள் முடிவதற்குள் நான் இங்கே வந்துவிட்டேன். நாங்கள் சில செவிலியர் ஒன்றாக வந்தோம். பாஷை வராத முதல் வருடம் எப்படி இருக்கும் என்று வெளிநாட்டுக்காரர்கள் வேடிக்கையாக எழுதுவார்கள். நானும் செய்தேன் அந்த வேடிக்கையெல்லாம். நம் பக்கத்தில் எதிரில் நிற்கும் ஆட்டுக்குட்டிக்குக்கூட 'ங்க' போடுகிற நான், இங்கே தலைமை மருத்துவரை ஒரு மாதம் ஒருமையில் கூப்பிட்டேன். மரியாதைப் பன்மை என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போயிற்று.

வேடிக்கை இல்லாததும் உண்டு. வெளிநாட்டவர் அலுவலகத்தில் அதிகாரி நீளமாகக் கேள்வி கேட்பார். கூட வந்த கன்னியாஸ்திரி ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடுவார். "என்ன கேட்டார் சிஸ்டர்?" என்றால், "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்பார். அதிகாரி என்னைப் பார்க்கவே மாட்டார். என் வாழ்க்கையைப் பற்றி என் தலைக்கு மேலே பேசிக்கொண்டார்கள். காது கேட்கிற எனக்கே அப்படியென்றால் சவரிக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

பிறகு என் மகள் வளர்ந்தாள். ஜெர்மன் அவளுக்குத் தாய்மொழி, தமிழ் அம்மாமொழி. எனக்கே நோய் என்று வந்தால் என் ஜெர்மன் தடுமாறும், மருத்துவரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். அவளும் பாதியை முழுங்கிவிட்டு, "முடிஞ்சதும் சொல்றேம்மா" என்பாள். இப்போது தனியாக இருக்கிறாள், வாரத்துக்கு ஒருமுறை போன், அதிலும் தமிழ் குறைந்துகொண்டே வருகிறது. இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னபோது, "மாமா அன்னைக்கு என்னதாம்மா சொன்னாரு? இவ்ளோ வருஷம் ஆச்சே, சொல்லேன்" என்று கேட்டாள். என் காதுகள் ஆணியில் இருந்தன என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

7

மலர்க் குழுவினரே, நீங்கள் யோசிக்காத ஒன்றைச் சொல்கிறேன். எண்பதுகளில் அந்தக் கோடையில் சவரி செய்த பாவசங்கீர்த்தனம்தான் அவன் ஆயுளில் செய்த ஒரே பாவசங்கீர்த்தனம்.

நான் கடல் கடந்து வந்துவிட்டேன். அந்தச் சாமியார் மாற்றலாகிப் போய் இறந்தும்விட்டார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவனைப் பார்த்ததும் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார்கள், அவ்வளவுதான். அவன் போய் வரிசையில் நின்றால், "பேசற ஆளக் கூட்டிகிட்டு வாப்பா" என்று சைகை காட்டினார்கள். தாலுகா ஆபீசிலும் அதே சைகை. ஆஸ்பத்திரியிலும் அதே சைகை. போன மாதம் நெஞ்சுவலி என்று போனவனை, பேசத் தெரிந்த ஆள் வரும்வரை பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவனுக்கு என்ன வலி என்று வாயால்தான் சொல்ல வேண்டுமா?

அவன் மகனுக்குக் காது கேட்கும், கையும் பேசும், அவனை வைத்துச் சொல்லலாமே என்பீர்கள். பெற்ற பிள்ளையை நடுவில் நிறுத்தி நீங்கள் சொல்வீர்களா உங்கள் பாவத்தை? சொல்லிப் பாருங்கள்.

வீடியோவில் நான் இருந்தபடியே மொழிபெயர்க்கட்டுமா என்று இப்போதிருக்கும் சாமியாரிடம் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். போனில் வைத்து இந்தச் சடங்கு செய்யக் கூடாது, ஆள் நேரில் இருக்க வேண்டும் என்றார். சட்டம் அதுவானால் சரி. ஆனால் சென்னையிலும் கோவையிலும் சைகை மொழிபெயர்ப்பாளர்கள் இன்றைக்கு இருக்கிறார்கள். விழாவுக்கு வாண வேடிக்கைக்கு ஆள் வெளியூரிலிருந்து வருகிறது, நாதஸ்வரத்துக்கு ஆள் வருகிறது, பந்தலுக்கு ஆள் வருகிறது. இதற்கு ஓர் ஆள் வரக் கூடாதா? வருகிறவர் நம் ஊரை அறியாதவராக இருக்கட்டும். அதுதான் நல்லது. கேட்டதை மறந்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விடுவார்.

நேற்று சவரியோடு வீடியோவில் பேசினேன். மேடை, சால்வை, சம்மனசு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவனிடம் குறைத்துச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. கிழவனாகிவிட்டான், விரல்கள் கொஞ்சம் கோணிவிட்டன, ஊசி பிடித்த விரல்கள். சம்மனசு என்றதும் சிரித்தான். பக்கத்தில் பிலோமினா தலையில் அடித்துக்கொண்டாள், அவளுக்குத் தெரியும் அவன் யோக்கியதை.

பிறகு அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு இரண்டு விரலால் உள்ளங்கையில் அடித்தான். ஒருமுறை அல்ல. அடித்துக்கொண்டே இருந்தான், எவ்வளவு சேர்ந்துவிட்டது பார் என்கிற மாதிரி. கடைசியில், 'அவர்களுக்கு எழுது, மேடை வேண்டாம், வரிசை வேண்டும்' என்றான்.

எழுதிவிட்டேன். விழாவுக்கு முந்தைய சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் இருக்கும் அல்லவா, ஆளை வரவழைத்து என் அண்ணனை அந்த வரிசையில் நிற்க விடுங்கள். யாரும் அவனுக்கு வழிவிட வேண்டாம், பெஞ்சைக் காட்ட வேண்டாம், மிட்டாய் வேண்டவே வேண்டாம். அவனுக்கு முன்னால் நிற்பவரிடம் மட்டும் சீக்கிரம் முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவனுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.